இளைப்பும் மரபணுவும்: மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் குழித்துறை, அருமனை, களியக்காவிளை வட்டாரத்தில் இளைப்பு எனும் மூச்சு நோய் உள்ள வீட்டார் ஒருநாள் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கும் மறுநாள் திருவனந்தபுரத்துக்கும் அலைகிறார்கள். இப்போது "ஜீன் டெஸ்ட்" என்ற சொல்லும் அவர்கள் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

1. ஜீன் டெஸ்ட்ன்னா என்ன? இளைப்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

உடம்பின் செல்லுக்குள் சுமார் 300 கோடி எழுத்து நீளத்தில் டிஎன்ஏ இருக்கிறது. அதில் ஏறத்தாழ 20,000 இடங்களில் புரதம் செய்வதற்கான குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. அந்த இடங்கள்தான் மரபணுக்கள். ஒரு மரபணுவை மட்டும் படிக்கலாம், எல்லா மரபணுக்களின் குறிப்புப் பகுதியையும் படிக்கலாம் (இதற்கு எக்ஸோம் என்று பெயர்), 300 கோடி எழுத்தையும் படிக்கலாம். எக்ஸோம் என்பது மொத்த டிஎன்ஏவில் 1 முதல் 2 சதவீதம்தான்.

இளைப்பு என்று வருகிறவர்களின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டால் பலருக்கும் ஒரே விசில் சத்தம்தான். உள்ளே நடப்பது வேறு வேறு. ஒருவருக்குக் காற்றறைகள் கரைந்திருக்கும், இன்னொருவருக்குச் சளி கெட்டியாகி மூச்சுக்குழாய் விரிந்திருக்கும், வேறொருவருக்குத் திசு தடித்துச் சுருங்கியிருக்கும். வெளியே ஒன்றாகத் தெரியும் இந்த நோய்களைப் பிரித்தறிவதுதான் மரபணு ஆராய்ச்சி இதுவரை செய்த பெரிய உதவி. எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவைப்படாது. யாருக்குத் தேவை என்பது கீழே வருகிறது.

2. சளியில சிபிநாட் எடுத்தாச்சே, அதுவும் ஜீன் டெஸ்ட்தானே?

ஜீன் டெஸ்ட்தான், ஆனால் அதில் படிப்பது உங்கள் மரபணுவை அல்ல, காசநோய்க் கிருமியினுடையதை. அந்தக் கிருமியின் 44 லட்சம் எழுத்தும் 1998-ல் முழுதாகப் படிக்கப்பட்டன. சிபிநாட் அதில் 'ஆர்பிஓபி' என்ற ஒரு சின்னப் பகுதியை மட்டும் பார்க்கும். கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்று சுமார் 2 மணி நேரத்தில் சொல்லிவிடும்.

இதில் இரண்டு தவறு அடிக்கடி நடக்கிறது. முதலாவது, சளிக்குப் பதில் எச்சிலைத் துப்பிக் கொடுப்பது. காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து இருமி, நெஞ்சிலிருந்து வரும் கெட்டிச் சளியைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, மருந்து முடித்தவருக்கு "குணமாச்சா" என்று பார்க்க இதையே எடுப்பது. செத்த கிருமியின் டிஎன்ஏவும் பாசிட்டிவ் காட்டும். காசநோய் ஆறிய பிறகும் தழும்பால் மூச்சுக்குழாய் சுருங்கி இளைப்பு வரலாம். பத்து, இருபது வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

3. அண்ணன் நாப்பது வருஷமா பீடி குடிக்கான், ஒண்ணும் இல்ல. தம்பி கொஞ்சந்தான் குடிச்சான், அவனுக்கு ஆக்சிஜன் வைக்குதாங்க. ஏன்?

இந்தக் கேள்வியிலிருந்துதான் ஆராய்ச்சியே தொடங்கியது. லட்சக்கணக்கானவர்களின் டிஎன்ஏவையும் ஊதும் திறனையும் பக்கத்தில் வைத்து, எந்த எழுத்து மாறினால் திறன் குறைகிறது என்று தேடினார்கள். 2019-ல் வெளியான ஓர் ஆய்வு சிஓபிடி என்கிற நாள்பட்ட அடைப்பு நோயோடு தொடர்புள்ள 82 இடங்களைக் காட்டியது. 2023-ல் 5,80,869 பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்ததில் நுரையீரல் திறனோடு தொடர்புள்ள 1,020 குறிகள் கிடைத்தன.

ஒவ்வொரு குறியின் பங்கும் மிகச் சிறியது. சில, கருவிலேயே மூச்சுக்குழாய் எப்படிக் கிளைவிடுகிறது என்பதைப் பாதிப்பவை. அப்படிப் பிறப்பிலேயே கொஞ்சம் ஒடுங்கிய குழாயோடு வந்தவருக்கு அதே பீடி சீக்கிரம் கேடு செய்யும். 15-ஆம் குரோமோசோமில் உள்ள ஓர் இடம் நிகோடினைப் பிடிக்கும் ஏற்பிக்கு உரியது. அது மாறியவர்களுக்குப் பழக்கம் இறுகப் பிடித்துக்கொள்கிறது. "மனசு வச்சா விட்டுரலாம்" என்று தம்பியைத் திட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

4. எனக்க அம்மை பீடி கையால தொட்டதில்ல. அவளுக்கு சிஓபிடின்னு எழுதியிருக்கு. அப்ப ஜீன்தானே காரணம்?

முதலில் புகையைத் தேடுங்கள். கொதும்பும் சிரட்டையும் எரித்த விறகடுப்பில் எத்தனை வருஷம் சமைத்தார்? அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வறுக்கிற இடத்தில் வேலை பார்த்தாரா? வீட்டுப் பின்புறம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை இருந்ததா? இந்தப் புகையும் பீடிப் புகையைப் போலவே குழாயை ஒடுக்கும். காசநோய்த் தழும்பும் (கேள்வி 2) இன்னொரு காரணம்.

அடுத்து, அது சிஓபிடிதானா என்று உறுதிசெய்யுங்கள். அதற்கு ஸ்பைரோமெட்ரி எனும் ஊதும் சோதனை வேண்டும். சால்பியூட்டமால் 400 மைக்ரோகிராம், அதாவது சாதாரண பம்பில் 4 அழுத்தம், ஸ்பேசர் (பம்பில் மாட்டும் குடுவை) வழியாகக் கொடுத்து, 10 முதல் 15 நிமிடம் கழித்து ஊத வேண்டும். முதல் ஒரு வினாடியில் வெளியேறிய காற்றை மொத்தக் காற்றால் வகுத்தால் 0.70-க்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது. உதட்டோரம் காற்று கசிந்தாலும், 2 வினாடியில் ஊதுவதை நிறுத்தினாலும் எண் தவறாக வரும். சரியான ஊதல் குறைந்தது மூன்று வேண்டும். மூன்றும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். வளைகோட்டுப் படம் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் இல்லாமல் வெறும் எண்ணை நம்பி மரபணுச் சோதனைக்குப் போனால் பணம்தான் வீண்.

5. ஆல்ஃபா-1 பாக்கச் சொன்னாங்க. அது என்னது?

ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்பது கல்லீரல் செய்து ரத்தத்தில் விடும் ஒரு புரதம். கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கக்கும். அது கிருமியோடு சேர்த்து நுரையீரலின் மீள்திசுவையும் அரிக்கும். இந்தப் புரதம் அதைப் பிடித்து அடக்குகிறது. செர்பினா1 என்ற மரபணுவில் குறை இருந்தால் புரதம் போதாமல், காற்றறைகள் கரைந்துபோகும். 1963-ல் ஸ்வீடனில் லாரெல், எரிக்சன் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவின் சரியான வடிவம் 'எம்', மோசமான வடிவம் 'இசட்'. ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக இருக்கும். இரண்டு பிரதியும் இசட் ஆனவருக்குக் கடும் குறைபாடு. இசட் புரதம் கல்லீரலிலேயே சுருண்டு தங்கிவிடுவதால் கல்லீரலும் கெடும்.

இசட் வடிவம் ஐரோப்பியரிடம் அதிகம், நம்மவரிடம் அரிது. ஆனாலும் சிஓபிடி உள்ளவருக்கு வாழ்நாளில் ஒருமுறை இதைப் பார்க்கச் சொல்வது உலக அளவிலான பரிந்துரை. 45 வயதுக்குள் வந்த நோய், நுரையீரலின் அடிப்பகுதியில் அதிகமாகக் கரைந்திருப்பது, குடிக்காதவருக்கு வந்த கல்லீரல் சுருக்கம், குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருப்பது: இவற்றில் ஏதாவது இருந்தால் கட்டாயம் பாருங்கள். எடுத்த எடுப்பில் மரபணுச் சோதனை வேண்டாம், ரத்தத்தில் புரத அளவு பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு சுமார் 57 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் கடும் குறைபாடு என்று கொண்டு மரபணுவைப் பார்ப்பார்கள். காய்ச்சல், நெஞ்சுச் சளி, கர்ப்பம், கருத்தடை மாத்திரை எல்லாம் இந்தப் புரதத்தை ஏற்றிக் காட்டும். பாதிக் குறை உள்ளவர் அப்போது இயல்பானவராகத் தெரிவார். ஆகையால் உடம்பு தெளிந்து சில வாரம் கழித்து எடுங்கள், கூடவே உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பியும் பாருங்கள்.

கடும் குறை இருப்பது உறுதியானால், ரத்ததானத்திலிருந்து பிரித்த அதே புரதத்தை வாரம் ஒருமுறை, கிலோவுக்கு 60 மில்லிகிராம் வீதம் நரம்பில் ஏற்றுகிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு வாரம் 3.6 கிராம். இது கரைவதை மெதுவாக்கும், கரைந்ததைத் திருப்பித் தராது. புகைப்பதை விடாதவருக்குக் கொடுப்பதில்லை.

6. மாமா பொண்ணைத்தான் கட்டியிருக்கேன். பிள்ளைக்கு பிறந்ததிலேர்ந்து சளி. சொந்தத்துல கட்டினதாலயா?

இருக்கலாம். மாமன் மகள், அத்தை மகள் திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்குச் சராசரியாக 16-ல் 1 பங்கு மரபணு இடங்களில் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும். அக்காள் மகளைக் கட்டியவர்களுக்கு அது 8-ல் 1 பங்கு. ஒரு பிரதி கெட்டால் ஒன்றும் செய்யாது, இரண்டும் கெட்டால்தான் நோய் என்ற வகைக் குறைகள் இப்படித்தான் வெளியே வருகின்றன. பெற்றோர் இருவரும் அந்தக் குறையைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் வாய்ப்பு 4-ல் 1. இதில் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை.

சந்தேகப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சிஎஃப்டிஆர் என்ற மரபணுக் குறையால் சளி பசைபோல் ஆகும், மலம் எண்ணெய்ப் பசையோடு போகும், எடை ஏறாது, முத்தமிட்டால் தோல் உப்புக் கரிக்கும். வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஏறக்குறைய உறுதி. 30 முதல் 59 வரை என்றால் மரபணுவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மற்றொன்று, குழாயில் சளியைத் தள்ளும் நுண்மயிர்கள் அசையாத குறை. பிறந்த முதல் நாளிலேயே மூச்சுத் திணறல், வருஷம் முழுக்க ஈர இருமல், காதில் சீழ், பாதிப் பேருக்கு இதயம் வலப்பக்கம். 50-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இதற்குக் காரணமாக அறியப்பட்டிருக்கின்றன.

சிஎஃப்டிஆர் சோதனையில் ஏமாறாதீர்கள். ஐரோப்பியரிடம் சகஜமான இருபத்துச் சொச்ச மாற்றங்களை மட்டும் பார்க்கும் மலிவான பேனல் நம் பிள்ளைகளிடம் பலமுறை தவறவிடும். "மரபணு முழுவதையும் படிக்கிறீர்களா" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

7. ரத்தம் கொடுக்கும்போது என்ன கவனிக்கணும்? வெறும் வயித்தோட போகணுமா?

வெறும் வயிறு தேவையில்லை. ஈடிடிஏ போட்ட ஊதா மூடிக் குழாயில் 2 முதல் 3 மில்லி போதும். எடுத்தவுடன் குழாயை 8 அல்லது 10 முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. கட்டி விழுந்தால் மறுபடி குத்த வேண்டியதுதான். பச்சை மூடிக் குழாயில் உள்ள ஹெப்பரின் டிஎன்ஏவைப் பெருக்கும் வேலையைக் கெடுக்கும். நாகர்கோவிலில் எடுத்து வெளியூர் அனுப்பினால் சாதாரணக் குளிர்பெட்டிக் குளிரில் போகலாம், உறைய விடக் கூடாது.

எச்சில் கிட் என்றால் 30 நிமிடம் முன்னதாகச் சாப்பாடு, டீ, வெற்றிலை, பீடி எதுவும் கூடாது. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ, எலும்பு மஜ்ஜை மாற்றியிருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். இல்லையென்றால் கொடுத்தவருடைய டிஎன்ஏவும் கலந்து வரும்.

8. எக்ஸோம் எடுத்தோம், "ஒண்ணும் இல்ல"ன்னு வந்துச்சு. அப்ப பரம்பரை இல்லன்னு நிம்மதியா இருக்கலாமா?

இருக்க முடியாது. கேள்வி 1-ல் சொன்னபடி எக்ஸோம் படிப்பது புரதக் குறிப்பை மட்டும். நுரையீரல் தடித்துச் சுருங்கும் ஃபைப்ரோசிஸ் நோய்க்கு மிகப் பெரிய ஒற்றை மரபணுக் காரணியாக 2011-ல் கண்டுபிடிக்கப்பட்ட மாற்றம், எம்யூசி5பி என்ற சளி மரபணுவின் முன்வாசலில், குறிப்புக்கு வெளியே இருக்கிறது. எக்ஸோம் வழக்கமாக அதைத் தொடுவதே இல்லை. நீளமாக அறுந்துபோன பகுதிகளும் சிலசமயம் நழுவிவிடும். "இந்த நோய்க்கான எந்தெந்த மரபணு, எத்தனை சதவீதம் நன்றாகப் படிக்கப்பட்டது" என்ற பக்கம் அறிக்கையின் கடைசியில் இருக்கும். அதைப் பாருங்கள்.

9. அப்பாவுக்கு ஃபைப்ரோசிஸ். பெரியப்பாவும் அதிலதான் போனார். என்ன பாக்கணும்?

ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் என்றாலே டெலோமியர் பற்றிக் கேளுங்கள். கயிறு பிரிந்து போகாமல் முனையில் முடிச்சுப் போடுவோமே, அதுபோல் குரோமோசோமின் முனைக் காப்பு அது. செல் பிரியப் பிரிய அது குட்டையாகும். டெர்ட், டெர்க் போன்ற மரபணுக்கள் கெட்டால் சீக்கிரமே குட்டையாகிவிடும். 30 வயதுக்கு முன் முழு நரை, காரணமில்லாத ரத்தக் குறைவு, தட்டணுக் குறைவு, குடிக்காமலே கல்லீரல் சுருக்கம் ஆகியவை உறவினரில் யாருக்காவது உண்டா என்று ஒரு வம்சப் பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள். டெலோமியரின் நீளத்தை அளக்க எக்ஸோம் உதவாது. உயிருள்ள வெள்ளணுக்கள் வேண்டும் என்பதால் ரத்தம் தாமதமின்றி ஆய்வகம் சேர வேண்டும்.

இதனால் சிகிச்சையே மாறும் என்பதால்தான் இத்தனை அழுத்தமாகச் சொல்கிறோம். காரணம் தெரியாத ஃபைப்ரோசிஸுக்குப் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டும் அசத்தியோபிரினும் என்-அசிட்டைல்சிஸ்டீனும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றில் மரணம் கூடியது. 2012-ல் அந்த முடிவு வெளியானது. பின்னர் 2019-ல் அதே மாதிரிகளை ஆராய்ந்தபோது, டெலோமியர் குட்டையானவர்களுக்கே அந்த மருந்துகள் அதிகத் தீங்கு செய்தன என்று தெரிந்தது. இப்போது இந்த நோய்க்குப் பெரும்பாலும் கொடுப்பவை பிர்ஃபெனிடோன், நின்டெடனிப். ஆனால் ஏற்கெனவே ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

10. ரிப்போர்ட்டுல "விஎஸ்"ன்னு... "வியூஎஸ்"ன்னு என்னமோ போட்டிருக்கு. நோய் இருக்கா, இல்லயா?

'வியூஎஸ்' என்றால் பொருள் இன்னும் விளங்காத மாற்றம். அறிக்கைகள் மாற்றங்களை ஐந்து படியாகப் பிரிக்கும்: நோய் தருவது, பெரும்பாலும் தருவது, விளங்காதது, பெரும்பாலும் தீங்கற்றது, தீங்கற்றது. நடுப்படியை வைத்து மருந்தையோ கல்யாணத்தையோ கர்ப்பத்தையோ முடிவு செய்யக் கூடாது. நம் மக்களின் டிஎன்ஏ உலகத் தொகுப்புகளில் குறைவு என்பதால், நமக்குச் சாதாரணமான மாற்றம்கூட அங்கே "விளங்காதது" என்று வருகிறது.

பெற்றோர் இருவரையும் அதே இடத்துக்கு மட்டும் சோதித்தால் பலசமயம் தெளிவு கிடைக்கும். ஒன்றிரண்டு வருஷம் கழித்து மறு ஆய்வும் கேட்கலாம். அதற்காக மூலத் தரவுக் கோப்பை இப்போதே பென்டிரைவில் வாங்கி வையுங்கள்.

11. கேரளத்துல எடுத்த ரிப்போர்ட் இங்க செல்லுமா? நம்பரே மாறி வருதே?

செல்லும். எண் மாறுவது தவறல்ல. மனித டிஎன்ஏவின் மாதிரிப் படி இரண்டு பதிப்பாகப் புழக்கத்தில் இருக்கிறது: ஜிஆர்சிஎச் 37, ஜிஆர்சிஎச் 38. ஒரே மாற்றத்துக்கு இரண்டிலும் வேறு வேறு இட எண். எந்தப் பதிப்பு என்று அறிக்கையில் எழுதியிருக்கும். இரண்டு அறிக்கையை ஒப்பிடும்போது மரபணுப் பெயரையும் புரதத்தில் என்ன எழுத்து மாறியது என்பதையும் பாருங்கள்.

12. ஆன்லைன்ல எச்சில் அனுப்பினேன். "சிஓபிடி ரிஸ்க் அதிகம்"ன்னு சிவப்புல வந்திருக்கு. பயப்படணுமா?

அது கேள்வி 3-ல் சொன்ன சின்னக் குறிகளைக் கூட்டிப் போட்ட மதிப்பெண். 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், மதிப்பெண்ணில் மேலே உள்ள பத்தில் ஒரு பங்கினரைக் கீழே உள்ள பத்தில் ஒரு பங்கினரோடு ஒப்பிட்டபோது ஐரோப்பிய வம்சத்தவரில் சுமார் 8 மடங்கு வேறுபாடு தெரிந்தது. மற்றவர்களில் சுமார் 5 மடங்குதான். ஐரோப்பியரை வைத்துச் செய்த தராசு நம்மைச் சரியாக நிறுக்காது. ஜீனோம் இந்தியா திட்டத்தில் சுமார் 10,000 இந்தியர்களின் முழு டிஎன்ஏ படிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. ஆனால் அவர்கள் ஆரோக்கியமானவர்கள். நுரையீரல் நோயாளிகளின் தொகுப்பு தனியாக வளர வேண்டியிருக்கிறது.

அந்தச் சிவப்பு எழுத்துக்காக ஒரு மாத்திரையும் வேண்டாம். ஒரு ஸ்பைரோமெட்ரி எடுங்கள்.

13. ஜீன் ரிஸ்க் எப்படியும் இருக்குன்னா, பீடிய விட்டு என்ன பிரயோஜனம்?

பதினொரு வருஷம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், பழக்கத்தை விட்டே இருந்த ஆண்கள் ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி ஊதுதிறனை இழந்தார்கள், விடாதவர்கள் 66 மில்லி. பத்து வருஷத்தில் 300-க்கும் 660-க்கும் உள்ள வித்தியாசம், மாடிப்படி ஏறுவதற்கும் நடுவில் உட்கார்ந்துவிடுவதற்கும் உள்ள வித்தியாசம். ஆல்ஃபா-1 குறை உள்ளவருக்குப் புகை இன்னும் கொடியது. மரபணு மோசமென்றால் விடுவதற்குக் காரணம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

14. புதுசா ஊசி வந்திருக்காமே, ஜீன் பாத்துப் போடுறதா?

டியூபிலுமேப் என்ற ஊசியைச் சொல்கிறீர்கள். அமெரிக்காவில் 2024 செப்டம்பரில் சிஓபிடிக்கு அனுமதி கிடைத்தது. 2 வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம். திடீர் மோசமாவதை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. யாருக்கு என்று முடிவு செய்வது ஜீன் அல்ல, சாதாரண ரத்தச் சோதனையில் வரும் ஈசினோஃபில் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை. மூன்று மருந்து சேர்ந்த பம்ப் எடுத்தும் அடங்காமல், எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 300 அல்லது அதற்கு மேல் இருந்தால் யோசிப்பார்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாட்களில் எண்ணிக்கை விழுந்துவிடும், அப்போது எடுத்தால் தகுதி இல்லை என்று தப்பாக வரும்.

15. ஜீனையே மாத்திச் சரிபண்ணுற வைத்தியம் எப்ப வரும்?

ஆல்ஃபா-1 குறைக்கு அருகில் வந்திருக்கிறது, ஏனென்றால் திருத்த வேண்டிய இடம் கல்லீரல், அங்கே மருந்தைக் கொண்டுசேர்ப்பது எளிது. 2024 அக்டோபரில் ஆர்என்ஏவை (மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகலை) திருத்தியும், 2025 மார்ச்சில் டிஎன்ஏவின் ஒற்றை எழுத்தைத் திருத்தியும் நோயாளிகளின் ரத்தத்தில் சரியான புரதம் வந்ததாக முதல் முடிவுகள் வெளியாயின. இன்னும் சோதனைக் கட்டம்தான். நுரையீரலுக்குள் நேராக மரபணுவை அனுப்புவது கடினம், ஏனென்றால் வெளியிலிருந்து வருவதைச் சளியில் பிடித்துத் தள்ளுவதே அதன் வேலை.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் மரபணுவை மாற்றாமலே, கெட்ட புரதத்தை நிமிர்த்தும் மாத்திரை வந்துவிட்டது. 1989-ல் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது, 2012-ல் முதல் மருந்து, 2019-ல் மூன்று மருந்துக் கூட்டு. அந்தக் கூட்டு 2019-ல் வந்தபோது அதன் அமெரிக்க விலை ஆண்டுக்கு சுமார் 3 லட்சம் டாலர். அது எந்த மாற்றத்துக்கு வேலை செய்யும் என்பது அறிக்கையில் உள்ள பெயரைப் பொறுத்தது. அதனால்தான் மரபணு முழுவதையும் படிக்கச் சொன்னோம் (கேள்வி 6). "ஸ்டெம் செல் ஊசி போட்டால் நுரையீரல் புதிதாகும்" என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள், சிஓபிடிக்கு அப்படி நிரூபிக்கப்பட்ட சிகிச்சை கிடையாது.

16. ஆராய்ச்சிக்குன்னு ரத்தம் கேக்குதாங்க. கொடுக்கலாமா?

கொடுங்கள். கேள்வி 10-லும் 12-லும் சொன்ன குறை, நம்மூர் ஆட்களின் மாதிரி சேர்ந்தால்தான் தீரும். குழாயோடு தகவலும் சரியாகப் போக வேண்டும்: எத்தனை வருஷம் விறகடுப்பு, அண்டி ஆபீஸில் எந்தப் பிரிவு, ரப்பர் பால்வெட்டு மட்டுமா அல்லது புகைப்புரை வேலையும் உண்டா, காசநோய் வந்ததா, ஸ்பைரோமெட்ரி எண் என்ன. இவை இல்லாத ரத்தம் ஆய்வாளருக்குப் பாதிதான் பயன்படும்.

கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை: மாதிரியை எங்கே, எத்தனை வருஷம் வைப்பார்கள்? வேறு நாட்டுக்கோ கம்பெனிக்கோ போகுமா? பெயரை நீக்கிவிட்டுக் குறியீட்டு எண் இடுவார்களா? சிகிச்சைக்கு உதவும் முடிவு கிடைத்தால் நமக்குச் சொல்வார்களா? நடுவில் விலகலாமா? ஒப்புதல் தாள் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால் தமிழில் தரச் சொல்லுங்கள், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்து விளக்கச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட நகல் ஒன்றை வாங்கி, ஸ்பைரோமெட்ரி படத்தோடு சேர்த்து வையுங்கள்.